துடிப்பு ஏறிய இடம்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்திற்கு இது தொடங்கியது. வலி அதற்கு முன்பே இருந்தது. நான் சொல்வது அச்சத்தை. ஸ்கேன் அறையில் கதவுக்கு மேலே ஒரு கடிகாரம் மாட்டியிருந்தார்கள். கூழ் தடவிய என் வயிற்றின் மீது கருவியை நகர்த்திக்கொண்டிருந்த மலாய்ப் பெண் அதுவரை என் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் அவர் பேச்சு நின்றது. இடது விலாவுக்குக் கீழே கருவியும் நின்றது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். சாம்பல் நிறத் திரையில் ஒரு வட்டம் தெரிந்தது. அதன் ஒரு பாதி சிவப்பாகவும் மறுபாதி நீலமாகவும் சுழன்றுகொண்டிருந்தது. அவர் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். விடச் சொல்ல மறந்துவிட்டார்.

நான் இப்போது நலமாக இருக்கிறேன். எனக்கு வந்தது அரிய நோய் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்த நோயைச் சுற்றி எங்கள் வீட்டில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். அந்தப் பிழை அரிதன்று. இதைப் படிப்பவர்களில் சிலர் சென்ற வாரம்கூட அதைச் செய்திருக்கலாம்.

எனக்கு வயது இருபத்து மூன்று. இலக்கியம் படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதுவதற்காக அந்தப் பருவம் முழுவதும், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் தம்போயில் எங்கள் வீட்டில் இருந்தேன். அம்மா தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வாகனங்களைப் பழுது பார்க்கும் வேலை. நாள்தோறும் விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போவார். ஜனவரி மாத இறுதியில், சாப்பிட்டு முடித்ததும் வயிற்றின் மேற்பகுதியில் இடது பக்கமாக ஒரு மந்தமான வலி எனக்கு வரத் தொடங்கியது. அம்மா அதை முதலில் சொன்னது மருத்துவரிடம் அல்ல, தம் அக்காவிடம்.

பெரியம்மா ரெங்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையை நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடல் எடுக்கிறார். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாரம் தூக்கினாலோ வழுக்கி விழுந்தாலோ குடல் தன் இடத்தைவிட்டு மேலே ஏறிவிடும் என்பது எங்களிடையே உள்ள நம்பிக்கை. தொப்புளில் விரலை வைத்து அழுத்தினால் ஒரு துடிப்பு கிடைக்கும். அது தொப்புளிலேயே கிடைத்தால் நலம். மேலேயோ பக்கத்திலோ கிடைத்தால் குடல் ஏறியிருக்கிறது என்று பொருள். விளக்கெண்ணெயைத் தடவி, கட்டைவிரலால் அந்தத் துடிப்பைத் தேடிப் பிடித்து, அழுத்தி, தொப்புளுக்கு வழித்துக் கொண்டுவர வேண்டும். பெரியம்மா இதற்குக் காசு வாங்குவதில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு குளுவாங்கிலிருந்துகூட வருவார்கள். பலருக்கு வலி நின்றும் இருக்கிறது.

எனக்கும் முதல் இரண்டு ஞாயிறுகளில் வலி குறைந்ததுபோல் இருந்தது. மூன்றாவது ஞாயிறு பெரியம்மா வழக்கம்போல் பாயை விரித்து என்னைப் படுக்க வைத்தார். அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"பாரு, இடது பக்கம் ஏறி உக்காந்துகிட்டு என்னா ஆட்டம் போடுதுன்னு. படிக்கிற புள்ளைங்களுக்கு இதே கதைதான். ஒரே எடத்துல உக்காந்தா குடலு கோவிச்சுக்கும்."

"குடல் கோவிச்சுக்குமா பெரியம்மா?"

"உங்க பெரியப்பாவே மூணு வேளையும் கோவிச்சுக்கிறாரு. குடலு கோவிச்சுக்காதா?"

அம்மா சிரித்தார். பெரியம்மாவின் கட்டைவிரல் விலாவின் கீழே இறங்கியது. துடித்த இடத்தின் மீதே அது அழுந்தியது. அடுத்து வந்த வலியை நான் அதுவரை அறிந்ததில்லை. அது வயிற்றில் தொடங்கி இடது தோளின் நுனியில் போய்க் குத்தியது. வியர்வை பெருகியது, கூரையின் வெளிச்சம் ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டு வந்தது. கண் விழித்தபோது முகமெல்லாம் தண்ணீர். அரை மணி நேரத்தில் வலி அடங்கிவிட்டது.

"எறங்கிடுச்சு," என்றார் பெரியம்மா. அவருக்கும் வியர்த்திருந்தது. "இப்ப வலிக்குதா? இல்லல்ல? கெட்டியாப் புடிச்சுகிட்டிருந்தது, அதான்."

வலி உண்மையிலேயே இல்லை. நாங்கள் ஏமாந்தது அதனால்தான்.

பத்து நாள் கழித்துப் பழைய மந்தமான வலி திரும்பியது. தம்போயில் ஒரு கிளினிக்கில் வாயு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது முறை போனபோது அந்த மருத்துவர் என்னை மருத்துவமனைக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். அங்கேதான் அந்தக் கடிகாரம் இருந்தது.

அன்று நண்பகலுக்குள் எனக்கு இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். கையின் நரம்பில் ஒரு மருந்தைச் செலுத்தி, வளையம்போன்ற இயந்திரத்தினுள் படுக்கையைத் தள்ளி எடுக்கும் ஸ்கேன் அது. மருந்து உடலில் பரவும்போது தொண்டையிலிருந்து தொடைவரை வெந்நீர் ஓடுவதுபோல் இருக்கும். சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று வெட்கப்படத் தோன்றும். கழித்திருக்க மாட்டோம். இதை யாரேனும் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியதால் இங்கே சொல்கிறேன்.

மாலையில், பெண்கள் வார்டில் என் கட்டிலருகே டாக்டர் சுரையா வந்தார். இரத்தக் குழாய்களுக்குள் நுண்குழல் செலுத்திச் சிகிச்சை செய்வதில் அவர் வல்லுநர். ஐம்பது வயதிருக்கும், மெல்லிய குரல். ஆங்கிலத்தில் பேசினார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

மண்ணீரல் என்பது இடது விலாவுக்குள் இருக்கும் ஓர் உறுப்பு. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியில் ஓரிடத்தில் சுவர் மெலிந்து, பை போல் வெளியே பிதுங்கியிருக்கிறது. இந்தப் பிதுக்கத்தைத் தமனி வீக்கம் என்கிறார்கள். வயிற்றறையின் கிளைத் தமனிகளில் இது அரிது. எனக்கு இருந்தது ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். அது வெடித்தால் இரத்தம் வயிற்றுக்குள் கொட்டும்; அப்போது நேரம் மிகக் குறைவு. வெடிக்காமல் பல ஆண்டுகள் இருக்கவும் கூடும். எது நடக்கும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே அடைத்துவிடுவது நல்லது.

வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. தொடை இடுக்கில் இருக்கும் தமனியில் ஒரு சிறு துளை. அதன் வழியாக ஒரு நுண்குழல் மேலே போகும். அதனுள்ளே மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள்களை அனுப்பி, வீக்கத்துக்கு இரத்தம் போகாமல் செய்வார்கள். அதற்கான சாதனங்கள் வந்துசேர வேண்டும். மண்ணீரல் பாதிக்கப்பட்டால் தொற்று வராமலிருக்கத் தடுப்பூசிகளும் போட வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை செய்யலாம் என்றார். அதுவரை நான் வார்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

பிறகு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். கார் விபத்து? வயிற்றில் அடி? கணையத்தில் அழற்சி என்று எப்போதாவது சொன்னார்களா? வயிற்றை யாராவது பலமாக அழுத்தியதுண்டா? திடீரென்று கடுமையான வலி, மயக்கம்?

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொன்னார். "நோ, டாக்டர். நத்திங்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் விரல்கள் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தன. நானும் ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் அம்மா குனிந்து என் காதருகே பேசினார். "சொன்னா என்னா ஆவும் தெரியுமா? பக்கத்து வீட்டுப் புள்ளைய இப்பிடித்தான் தடவிட்டுத் தூக்கிட்டு வந்தாங்க. அந்த டாக்டரு எல்லாரு முன்னாடியும் தடவுன அந்தம்மாவ என்னா திட்டு திட்டினாரு. போலீஸ் ரிப்போட்டு கிப்போட்டுன்னு போனா அக்கா தாங்குவாளா? அவ செத்துருவா தர்ஷி. அதான் மெஷின்லயே எல்லாம் தெரிஞ்சிருச்சே. நாம வேற எதுக்குச் சொல்லணும்?"

எனக்கு அந்த வாதம் பிழை என்று தெரிந்தது. ஒரு சொல் இடம் மாறியிருந்தாலும் திருத்தாமல் விடாத நான், என் உயிரைப் பற்றிய கோப்பில் ஒரு பொய் வாக்கியம் ஏறியதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பேசாதிருப்பது எனக்கு எப்போதும் எளிது. அன்று அந்த எளிமைக்குள் ஒளிந்துகொண்டேன்.

அதன் பின் வந்த மூன்று நாட்களை எப்படி எழுதுவது? நடந்தது ஒன்றுமே இல்லை. காலை ஐந்தரைக்கு அப்பாவிடமிருந்து ஒரு செய்தி வரும்: "கீழ நிக்கிறேன். போறேன்." பாலத்துக்குப் போகும் வழியில் மருத்துவமனை வாகன நிறுத்தத்துக்குள் வந்து, அந்நேரத்தில் மேலே வர அனுமதி இல்லாததால், ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவார். மாலைப் பார்வை நேரத்தில் என் நோயை அவரிடம் விளக்கியபோது அவர் ஒரே வரியில் புரிந்துகொண்டார். "டயர் டியூப்ல முட்டை விட்ட மாதிரி. ஓட்டுனா எப்ப வேணும்னாலும் போயிரும்," என்றவர், சொன்ன பிறகுதான் தாம் சொன்னது இன்னதென்று உணர்ந்து, ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் அசைவதைக் குறைத்துக்கொண்டேன். இருமல் வந்தால் விழுங்கினேன். கட்டிலிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு காலாக, இரு கைகளையும் ஊன்றி இறங்கினேன். பக்கத்துக் கட்டிலில் ஹமீதா அக்கா இருந்தார். பித்தப்பைக் கல்லுக்காக வந்தவர். அவருடைய கணவர் தெப்ராவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார்.

"ஏம்மா, சிரிக்கவும் மாட்டேங்குற, தும்மவும் மாட்டேங்குற. பீங்கான் கடைக்குள்ள படுத்துக் கெடக்குற மாதிரி கெடக்குற."

"பயமா இருக்குக்கா."

"பயந்துகிட்டே சாப்புடலாம்லா. இந்தா, மீன் கறி. எங்க வீட்டுக்காரரு பொட்டலமா தப்பாவ் பண்ணிக் கொண்டாந்தாரு. மிஸ்ஸி வர்றதுக்குள்ள முடி."

தாதியைத்தான் இங்கே மிஸ்ஸி என்போம். மிஸ்ஸி நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வந்து இரத்த அழுத்தம் பார்ப்பார். பட்டை கையை இறுக்கும் ஒவ்வொரு தடவையும், அந்த இறுக்கம் உள்ளே அந்தப் பையையும் இறுக்குவதாக எனக்குத் தோன்றும். இரவுகளில் தலையணையில் காது படிந்திருக்க நாடி கேட்கும். அது என் உயிர் ஓடும் ஓசை என்று பிறர் எழுதலாம். எனக்கு அது ஒரு சுவரின் மீது விழும் தட்டு. ஒவ்வொரு தட்டிலும் சுவர் இன்னும் சற்று மெலிகிறது என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன். அந்த எண்ணத்தோடு சேர்ந்து, கோப்பில் இருக்கும் அந்த வாக்கியமும் வரும். டாக்டர் அந்தக் கேள்விகளைக் காரணமின்றியா கேட்டிருப்பார்? தோளில் குத்திய வலிக்கு ஏதேனும் பொருள் இருக்குமா? விடிந்ததும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்வேன். விடிந்ததும் அம்மா வருவார். அவர் முகத்தைப் பார்ப்பேன். சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை பார்வை நேரத்தில் பெரியம்மா வந்தார். வார நாட்களில் பள்ளிக்கூடம் இருப்பதால் அவரால் வர முடியவில்லை. கையில் மூன்று அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம். என்ன நோய் என்பதை அம்மா அவரிடம் முழுமையாகச் சொல்லியிருக்கவில்லை. "உள்ள ஒரு நரம்பு வீங்கியிருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"எளைச்சுப் போயிட்டியே. இந்த ஆஸ்பத்திரிச் சோத்தத் தின்னா எளைக்காம என்னா செய்யும்? பசியாறினியா?"

"ஆச்சு பெரியம்மா."

"என்னாத்த பசியாறின? ரெண்டு ரொட்டி குடுத்திருப்பானுங்க." அவர் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே, வழக்கமான ஒரு காரியத்தைச் செய்வதுபோல், வலது கையைப் போர்வைக்குள் விட்டார். "மறுபடியும் ஏறியிருக்கான்னு லேசாத் தொட்டுப் பாக்குறேன். அமுக்க மாட்டேன்."

விரல்கள் விலாவின் கீழே வந்து நின்றன. அவை தேடின. அவற்றுக்குத் துடிப்பு கிடைத்த கணத்தை என்னால் உணர முடிந்தது.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "கை வெக்காதீங்க!"

அது என் குரல்தானா என்று ஐயமாக இருந்தது. வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஹமீதா அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. நான் விடவும் இல்லை.

"என்னாடி? என்னா செஞ்சிட்டேன் நானு?"

"அது குடல் இல்ல பெரியம்மா. இரத்தக்கொழா. அது வெடிச்சா நான் செத்துருவேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மாவின் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ புரிந்துகொண்டே வந்தது. "அன்னிக்கு மயக்கம் போட்டியே," என்றார். பிறகு அம்மாவிடம், "டாக்டருகிட்டச் சொன்னியா நீ?"

அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து நகர்த்தி வைத்தார்.

"சொன்னியான்னு கேக்குறேன்."

"உன்னயத்தான் புடிப்பாங்கக்கா..."

"புடிச்சா புடிக்கட்டும்! புள்ள உசுருல வெளையாடுறியா? அறிவிருக்கா உனக்கு?" பெரியம்மா எழுந்து வார்டின் நடுவே நின்று, போகிற வருகிற எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் கூப்பிட்டார். "மிஸ்ஸி! மிஸ்ஸி! டாக்டரக் கூப்புடுங்க!"

அன்று டாக்டர் சுரையா பணியில் இருந்தது என் நல்லூழ். கால் மணி நேரத்தில் வந்தார். பெரியம்மா அவரிடம் தம் கொச்சையான சந்தை மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். எத்தனை ஞாயிறு, எவ்வளவு நேரம், எந்த விரல் என்று சொல்லி, தம் வயிற்றின் மீதே கட்டைவிரலை வைத்துக் காட்டினார். டாக்டர் திட்டவில்லை. "எவ்வளவு ஆழமாக, மாச்சிக்?" என்று மட்டும் கேட்டார். மாச்சிக் என்பது மூத்த பெண்களை மலாயில் விளிக்கும் சொல். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மயங்கியபோது வலி வயிற்றோடு நின்றதா?"

"இல்லை. இடது தோளின் நுனிக்குப் போனது."

அவர் பேனாவை மூடினார். அந்தச் சிறு ஓசை எனக்கு நினைவிருக்கிறது. ஸ்கேன் படங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து போனார். அதற்கு முன் நான் அவர் வேகமாக நடந்து பார்த்ததில்லை.

இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டு விளக்கினார். வீக்கத்தின் விளிம்பில் முட்டை ஓடு போல் சுண்ணம் படிந்திருக்கிறது. ஆகவே அது பல ஆண்டுகளாக இருப்பது. எந்த விரலும் அதை உண்டாக்கவில்லை. "ஆனால் அழுத்தியதால் ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், மாச்சிக். அன்று அது சற்றுக் கசிந்திருக்கிறது." வயிற்றுக்குள் கசியும் இரத்தம் விலாவுக்குக் கீழே தேங்கி உதரவிதானத்தை உறுத்தினால் வலி இடது தோளில் தெரியும். வீக்கத்தைச் சுற்றி ஸ்கேனில் ஒரு மங்கலான நிழல் இருந்தது. குடலின் ஒரு மடிப்பு என்று முதலில் அதை விட்டுவிட்டார்கள். அது உறைந்த இரத்தமாக இருக்கலாம். இந்த நோயில் முதல் கசிவு சில சமயம் தானாகவே அடைபட்டு, வலியும் போய்விடும். இரண்டாவது கசிவு அப்படி அடைபடுவதில்லை.

"செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்," என்றார். "இன்றைக்கே செய்வோம். சாதனங்கள் நேற்று வந்துவிட்டன, தடுப்பூசியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். நான்கு மணி."

அம்மா என் கைப்பேசியை எடுத்து அப்பாவின் எண்ணைத் தேடினார்.

ஒப்புதல் படிவத்தில் நானே கையெழுத்திட்டேன். அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் பட்டறையில் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டு, "வர்றேன்," என்றார். பாலத்தில் நெரிசல் எப்படி இருக்குமென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிகிச்சை அறைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது பெரியம்மா கட்டிலோடு நடந்து வந்தார். ஆனால் தொடவில்லை. இரு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தார். அம்மாதான் கதவுவரை என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அறை குளிர்ந்து கிடந்தது. எல்லாரும் கதிர்வீச்சைத் தடுக்கும் கனமான ஈய அங்கி அணிந்திருந்தார்கள். என்னை முழுதாக மயக்கப்படுத்தவில்லை. மூச்சைப் பிடிக்கச் சொல்லும்போது நான் பிடிக்க வேண்டுமாம். தொடை இடுக்கில் ஊசி எரிந்தது, பிறகு மரத்தது. நுண்குழல் என் உடலுக்குள் ஏறியது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் என்னை நடுங்க வைத்தது. வலித்திருந்தால் அது எங்கே இருக்கிறது என்றாவது அறிந்திருப்பேன்.

தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. மருந்து பாய்ந்ததும் என் தமனிகள் கறுப்பாகத் தோன்றி மறைந்தன. மண்ணீரலுக்குப் போகும் தமனி மற்றவைபோல் நேராக இல்லை. மலைப்பாதைபோல் வளைந்து வளைந்து சென்றது. அதன் நடுவே அந்தக் கறுப்பு உருண்டை. நுண்குழல் முதலில் அதைத் தாண்டிப் போக வேண்டும். வீக்கத்துக்கு அப்பால் உள்ள வழியை முதலில் அடைத்து, பிறகுதான் இப்பால் உள்ள வழியை அடைப்பார்கள். இல்லாவிட்டால் இரத்தம் மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்து பையை நிரப்பிவிடும். மண்ணீரல் வாடிப்போகாது, இரைப்பையிலிருந்து வரும் சிறு குழாய்கள் அதற்கு இரத்தம் கொடுக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

வளைவொன்றில் நுண்குழல் நின்றது. தமனி சுருங்கி அதைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் சுரையா பேசுவதை நிறுத்தினார். அந்த வாரத்தில் இரண்டாவது முறையாக, என் உடலுக்குள் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மௌனமானார். அந்த அறையில் கடிகாரம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. திரையிலிருந்து கண்ணை எடுக்க என்னால் முடியவில்லை. ஏதோ மருந்து செலுத்தினார்கள். காத்திருந்தார்கள். "தர்ஷினி, மூச்சு விடலாம்," என்றார் டாக்டர். நான் பிடித்திருந்ததே எனக்குத் தெரியாது.

பிறகு கம்பி நகர்ந்தது. முதல் சுருள் உருண்டைக்கு அப்பால் நூல்கண்டுபோல் சுற்றிக்கொண்டது. இன்னொன்று. இன்னொன்று. பிறகு இப்பால். கடைசியாக மருந்து பாய்ச்சியபோது தமனி சுருள்கள்வரை கறுத்து, அங்கேயே நின்றுவிட்டது. உருண்டை இருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அசையக் கூடாது என்பதால் கண்ணீரைத் துடைக்கவில்லை. ஒரு மிஸ்ஸி வந்து துடைத்தார்.

ஆறு மணி நேரம் காலை மடக்காமல் நேராகப் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். ஏழரை மணிக்கு அப்பா வந்தார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து வார்டுக்குள் வந்தவரைக் காவலர் நிறுத்தி, கழற்ற வைத்து உள்ளே விட்டார்.

"உள்ளுக்குள்ளயே வெச்சு அடைச்சிட்டாங்களாப்பா?" என்று கேட்டேன், என்னவோ அவர்தான் செய்ததுபோல்.

"நாங்கல்லாம் வெளியில இருந்துதான் ஒட்டுவோம்," என்றார் அப்பா. "இது பெரிய வேல." என் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கையில் எண்ணெய்க் கறை போகவில்லை.

அன்றிரவு காய்ச்சல் வந்தது. மண்ணீரலின் ஒரு சிறு பகுதி இரத்தமின்றி மடிந்திருக்கலாம், அதன் எதிர்விளைவு, சில நாட்களில் அடங்கும் என்று மிஸ்ஸி சொன்னார். அடங்கும் என்ற சொல்லை நான் நம்பவில்லை. அடங்கிய வலி ஒன்றை நான் ஏற்கெனவே நம்பியிருந்தேன். சிகிச்சைக்குப் பிறகு பெரியம்மா என்னைப் பார்க்க வார்டுக்குள் வரவே இல்லை என்றும், நல்லபடியாக முடிந்ததைக் கேட்டுவிட்டுப் பெரியப்பாவோடு ரெங்கத்துக்குத் திரும்பிவிட்டார் என்றும் அம்மா சொன்னார். "டாக்டர் ஒண்ணும் திட்டல.  நான் செஞ்ச தப்பு தர்ஷி. அவ இல்ல." அம்மா அதை எனக்குச் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்கு என்னை முதன்முறையாக எழுப்பி உட்கார வைத்தார்கள். சூடான மைலோ பானம் கொடுத்தார்கள். இரண்டு மிடறு குடித்துவிட்டுப் பெரியம்மாவை அழைத்தேன்.

"காய்ச்சல் எப்பிடி இருக்கு?" என்றார். 

"இருக்கு. கொறையும்னு சொன்னாங்க. நீங்க பசியாறிட்டீங்களா?"

 பின்னால் யாரோ முனகும் ஓசை கேட்டது.

"யாரு பெரியம்மா அங்க?"

"ஒருத்தி வந்திருக்கா. ஏழு மணிக்கே வந்துட்டா. மூணு நாளா மேல்வயிறு வலிக்குதாம். நான் இனிமே பாக்குறதில்ல, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குறா. பாய அவளே விரிச்சுப் படுத்துகிட்டா."

"கை வெச்சீங்களா?"

"என் கைய எங்க வெக்கிறதுன்னே எனக்குத் தெரியல தர்ஷி."

"போன அவங்ககிட்டக் குடுங்க."

அறிமுகமில்லாதவர்களிடம் தொலைபேசியில் பேச வேண்டியிருந்தால் நான் முன்பே எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறவள். அன்று என்னிடம் தாள் இல்லை.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். வலியில் எரிச்சலாக இருந்தது.

"அக்கா, நீங்க என்னயப் பாத்திருக்க மாட்டீங்க. நான் அவங்க தங்கச்சி மகள். நானும் அதே பாயில படுத்தவதான். இப்ப ஆஸ்பத்திரியில இருக்கேன்."

"கிளினிக்குக்குப் போயிட்டுத்தாம்மா வந்தேன். அஞ்சு நிமிசம் பாத்தான், கேஸ்னு சொல்லி மாத்திரை குடுத்தான். இந்த அக்கா கை ராசியான கைன்னு சொன்னாங்க..."

"எனக்கும் அதே மாத்திரைதான் குடுத்தாங்க. மறுபடியும் போங்க. கிளினிக் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஸ்கேன் எடுக்கணும்னு கேளுங்க. நீங்க என்னென்ன செஞ்சீங்களோ, எங்கெங்க வலிச்சுதோ, எல்லாத்தையும் சொல்லுங்க. திட்டினாலும் சொல்லுங்க."

"எனக்கு என்னான்னு உனக்கு எப்பிடித் தெரியும்? நீ டாக்டரா?"

"இல்லக்கா. உங்களுக்கு என்னான்னு எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது. அதுக்காகத்தான் போகச் சொல்றேன்."

 அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது; வலியைச் சுற்றிக்கொண்டு போகும் குட்டையான மூச்சு. அந்த மூச்சை எனக்குத் தெரியும். என் கையில் மைலோ ஆறிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி இரத்த அழுத்தம் பார்க்க வந்து நின்றார். கையைக் காட்டி அவரைக் காத்திருக்கச் சொன்னேன்.

"எழும்ப முடியல," என்றார் அந்தப் பெண் கடைசியில்.

"பெரியம்மா கையப் புடிச்சுகிட்டு எழும்புங்க."

தொலைபேசியைப் பாயிலேயே வைத்துவிட்டார்கள் போலும்; பாய் சரசரத்தது. பெரியப்பாவைக் காடியை எடுக்கச் சொல்லிப் பெரியம்மா கூவினார். செருப்புகள் சிமெண்டுத் தரையில் மெதுவாக இழுபட்டன. காரின் கதவு சாத்தப்பட்டு, இயந்திரம் உறுமி, அந்த ஓசை தெருவில் தேய்ந்து போகும்வரை நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.